எட்டு வால்வுகளும் ஒரு வெள்ளிக்கிழமையும்

எனக்குப் பத்து வயதானபோது மஸ்கட்டில், ரூவியில், ஒரு பழைய கட்டடத்தின் இரண்டாம் மாடியில் குடியிருந்தோம். அத்தா ஒரு மளிகை மொத்தக் கடைக்கு பிக்கப் ஓட்டினார். வண்டி, விசா கொடுத்த ஓமானி முதலாளியான கபீலுடையது, அதன் நோய்நொடிகள் மட்டும் அத்தாவுடையவை. அந்தக் குளிர்காலத்தில் எஞ்சினுக்குள்ளிருந்து டிக் டிக் என்று விடாமல் ஒரு சத்தம் கிளம்பியது.

கராஜில் பார்த்த மெக்கானிக், எஞ்சினின் மேல்பாகமான ஹெட்டைக் கழற்ற வேண்டும், இரண்டு வாரம் ஆகும் என்றார். கபீல் அதைக் கேட்டுவிட்டு, வெள்ளிக்கிழமை மாலை அஸர் தொழுகைக்குப் பிறகு தானே வந்து பார்ப்பதாகவும், வண்டி படுத்துவிட்டால் அத்தா லீவில் ஊருக்குப் போகலாம் என்றும் சொல்லிவிட்டார். எனக்கு அது கொண்டாட்டமாகத்தான் பட்டது. அந்த லீவுக்குத் திரும்பி வரும் டிக்கெட் கிடையாது என்பது, அத்தா சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்ததைப் பார்த்தபோதுதான் பாதி புரிந்தது.

அம்மா ஆணம் ஊற்றியபடியே சொன்னாள். "ஹெட்டெல்லாம் கழட்ட வேண்டாங்க. வால்வ் இடுக்குல கேப் கூடியிருக்கு. அட்ஜஸ்ட் பண்ணினா போதும்."

அத்தா நிமிர்ந்து பார்த்தார். அம்மா பாலிடெக்னிக்கில் ஆட்டோமொபைல் படித்தவள் என்பது எங்களுக்குத் தெரியும், மறந்தும் போயிருந்தோம். அந்தச் சான்றிதழ் என் தடுப்பூசி அட்டையோடு ஒரே உறையில் கிடந்தது.

"உனக்கு இன்னும் ஞாபகம் இருக்கா?"

"ஃபீலர் கேஜ்னு கேட்டு வாங்கிட்டு வாங்க. மெல்லிசுத் தகடுங்க, விசிறி மாதிரி விரியும்."

வெள்ளிக்கிழமை காலை, இரவெல்லாம் நின்று குளிர்ந்திருந்த வண்டியின் முன் அம்மா ஒரு காய்கறிப் பெட்டியைப் போட்டு ஏறி நின்று, எஞ்சினின் மேல்மூடியைக் கழற்றினாள். இந்த வண்டிக்கு எஞ்சின் சில்லென்று இருந்தால்தான் அளவு சரியாக வருமாம். வண்டியோடு வந்த புத்தகத்தை ஆங்கிலத்தில் உரக்க வாசிப்பது என் வேலை. அத்தா நீளமான ஸ்பேனரால் எஞ்சினைக் கையாலேயே சுற்றினார். "மெதுவா... மெதுவா... நிறுத்துங்க." அத்தாவை யாரும் அப்படி ஏவி நான் கேட்டதில்லை.

எஞ்சின் சக்கரத்தில் இருந்த குறி நேரானதும், அம்மா வால்வின் நட்டைத் தளர்த்தி, தகட்டை இடுக்கில் செருகி, ஸ்க்ரூவைத் திருகினாள். தகடு லேசாகப் பிடிக்க வேண்டும், இழுத்தால் வரவும் வேண்டும். பிறகு ஸ்க்ரூ நகராமல் பிடித்துக்கொண்டே நட்டை இறுக்கினாள். இறுக்கியதும் அளவு மாறியிருந்தது. முகம் சுளிக்காமல் முதலிலிருந்து தொடங்கினாள். நான்கு வால்வு முடிந்ததும் எஞ்சினை ஒரு முழுச் சுற்று சுற்றி, மீதி நான்கு.

கட்டடத்து ஆண்கள் தொழுகைக்குப் போகிற வழியில் நடையைத் தளர்த்தினார்கள். அத்தாவுக்குக் கூச்சம். "இன்னும் கொஞ்சம் இறுக்கேன். சத்தமே வராதுல்ல."

"இறுகிட்டா சத்தம் வராது, வால்வ் எரிஞ்சுபோயிடும். இந்தச் சத்தத்தைவிட அது மோசம்ங்க."

மூடியை மாட்டிவிட்டு, சாவியை அத்தாவிடம் கொடுக்காமல் அவளே ஏறி உட்கார்ந்து திருப்பினாள். எஞ்சின் உறுமியது. டிக் டிக் இல்லை. அத்தா பானட்டில் காதை வைத்தார், நிமிர்ந்தார், மறுபடி வைத்தார். பிறகு தொழுகைக்கு ஓடினார்.

அஸருக்குப் பிறகு கபீல் வந்தார். கண்ணை மூடி எஞ்சின் சத்தத்தைக் கேட்டார். எந்த கராஜ் என்று கேட்டதற்கு அத்தா, "கராஜ் மாஃபி. மதாம்" என்று, கராஜ் இல்லை, வீட்டுக்காரிதான் என்ற பொருளில், எங்கள் ஜன்னலைக் காட்டினார். கபீல் சிரித்தார். அத்தா சிரிக்காததைக் கண்டு அவரும் நிறுத்திக்கொண்டு, மேலே பார்த்து நெஞ்சில் கை வைத்தார். நாளை தொலைவில் இருக்கிற நிஸ்வாவுக்கு லோடு இருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போனார்.

அத்தா மாடிப்படிகளை இரண்டிரண்டாகத் தாவி ஏறினார். அன்றே ஊரில் உள்ள அத்தனை சொந்தக்காரர்களுக்கும் போன் போயிற்று. அடுத்த வாரம் முதல் கட்டடத்து ஆண்கள் தங்கள் கார்களை ஸ்டார்ட் செய்துவிட்டு எங்கள் ஜன்னலைப் பார்த்தார்கள்.

வால்வை அடுத்து எப்போது அட்ஜஸ்ட் பண்ண வேண்டும் என்று அம்மா கேட்டாள். நாற்பதாயிரம் கிலோமீட்டருக்கு ஒருமுறை என்று புத்தகத்திலிருந்து வாசித்தேன். மீட்டர் கணக்கை அலமாரிக் கதவின் உட்புறம் பென்சிலால் எழுதிவைத்தாள். அதன்பின் தினமும் அத்தா வந்ததும் முதல் கேள்வி, "இன்னைக்கு எவ்வளவு ஓடுச்சு?"

தன் அலைச்சலை நினைத்துத்தான் கேட்கிறாள் என்று அத்தா நெகிழ்ந்து, "ரொம்ப இல்லம்மா, அம்பதுதான்" என்று ஆறுதல் சொல்வார். அம்மாவின் முகம் வாடிவிடும். நிஸ்வா போய்வந்த நாட்களில் மட்டும் அது ஏன் அப்படி மலர்ந்தது என்று எனக்கு அப்போது விளங்கவில்லை.