மாவுதான், வேறொன்றுமில்லை

மாவு மில்காரர் இருமினால் தெருவில் ஒருவரும் திரும்பிப் பார்ப்பதில்லை. இருபத்தாறு வருடமாக மாவுத்தூசியைச் சுவாசிக்கிற மனிதர் இருமாமல் பாட்டா பாடுவார்? தலை, மீசை, புருவம் எல்லாம் வெளுத்துக் கிடப்பதால் அவருக்கு வெள்ளைக்காரர் என்று பட்டப்பெயர். அதைக் கேட்டு முதலில் சிரிப்பவரும் அவர்தான்.

ஆனால் இந்தத் தடவை வந்த இருமல் வேறு மாதிரி. முதலில் சாதாரண ஜலதோஷம். பிறகு மூச்சு விட இடம் கொடுக்காமல் பத்து, பதினைந்து என்று அடுக்கடுக்காக இருமல். கண்ணில் தண்ணீர் வரும், சில சமயம் சாப்பிட்டதும் வெளியே வரும். இயந்திரத்தைப் பிடித்துக்கொண்டு சமாளிப்பார். டாக்டரைப் பார்க்கச் சொன்னவர்களுக்கெல்லாம் ஒரே பதில்: "மாவுதான், வேறொண்ணுமில்ல." எத்தனை பேரிடம் சொன்னார் என்று நினைத்தால் எனக்கே ஆத்திரம் வருகிறது.

இருமல் தொடங்கிய பத்தாம் நாள் மகளுக்குப் பெண் குழந்தை பிறந்தது. மனிதருக்குத் தலைகால் புரியவில்லை. குழந்தைக்குத் தூசி ஆகாது என்று, மில்லைப் பூட்டியதும் இரண்டு தடவை சோப்புப் போட்டுக் குளித்து, துவைத்த சட்டை மாட்டிக்கொண்டுதான் அந்த அறைக்குள் கால் வைப்பார். பார்க்க வந்தவர்களை வாசலிலேயே மறித்துக் கை கழுவ வைத்தார். சம்பந்தியம்மா ஒரே ஒரு தும்மல் போட்டார் என்று அவரைத் திருப்பியே அனுப்பிவிட்டார். அந்த மனஸ்தாபம் இன்னும் தீரவில்லை. பால் குடித்த குழந்தையைத் தோளில் போட்டு ஏப்பம் விட வைப்பது மட்டும் அவர் வேலை, வேறு யாருக்கும் விட்டுத்தர மாட்டார். இருமல் வந்தால் முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொள்வார். மாவைத்தான் கழுவியாயிற்றே!

குழந்தை பிறந்த இருபத்தைந்தாம் நாள் மதியம், அவர் தோளிலேயே அது துவண்டது. இரண்டு நாளாக லேசாக மூக்கு ஒழுகல், பால் குடிப்பதில் சுணக்கம், அவ்வளவுதான். இருமக்கூட இல்லை. உதடு நீலமாகியிருந்தது. மூச்சைக் காணோம்.

"அப்பா! என்னப்பா ஆச்சு அவளுக்கு?"

மகள் பிடுங்கி முதுகைத் தட்டியதும் குழந்தை வீறிட்டது. அவருக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. ஆட்டோவில் ஆஸ்பத்திரி போவதற்குள் இன்னொரு முறை மூச்சு நின்று வந்தது.

குழந்தைக்கு ஆக்சிஜன் வைத்துவிட்டு வெளியே வந்த டாக்டரம்மா, "வீட்ல யாருக்கு இருமல்?" என்று கேட்டார்.

"எனக்குத்தாம்மா. ஆனா அது மாவு..." சொல்லி முடிப்பதற்குள் இருமல் பிடித்துக்கொண்டது. கடைசியில் அவர் மூச்சை இழுத்தபோது ஊளை மாதிரி ஒரு சத்தம் வந்தது.

"இது மாவு இல்லைங்க. கக்குவான் இருமல்."

"அது சின்னப் பசங்களுக்கு வர்றதில்லையா? எனக்கு அம்பத்தெட்டு வயசு!"

"சின்ன வயசுல தடுப்பூசி போட்டிருந்தாலும் அதோட பலம் நாளாக நாளாகக் குறைஞ்சிடும். நாம இருமிக்கிட்டே நடமாடிடுவோம். பச்சைக்குழந்தைக்கு இருமக்கூடத் தெம்பு இருக்காது, மூச்சே நின்னுடும். அதுக்கு முதல் ஊசியே ஆறு வாரத்துலதான். அதுவரைக்கும் காப்பாத்தத்தான் மாசமா இருக்கும்போதே அம்மாவுக்கு ஊசி போடச் சொல்றோம்."

"சொன்னாங்க," என்றாள் மகள். "நான்தான் அப்புறம் பாத்துக்கலாம்னு விட்டுட்டேன்."

அவருக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஊரையே வாசலில் நிறுத்திக் கை கழுவ வைத்தவர்தான் நோயை உள்ளே கொண்டுவந்திருக்கிறார். அந்த இரண்டு குளியலில் போனது வெறும் மாவு.

வீட்டில் எல்லோருக்கும் மாத்திரை கொடுத்தார்கள். மறுநாள் காலை குழந்தையின் உதட்டில் நிறம் திரும்பியிருந்தது. "ஒரு வாரமாவது இங்கயே இருக்கணும். ஆனா தேறிடுவா," என்றார் டாக்டரம்மா. மில்காரர் சுவரில் சாய்ந்து அழுதார்.

"இப்பவும் என்கிட்டேருந்து பரவுமாம்மா?"

"அஞ்சு வாரம் ஆயிடுச்சே, இனிமே பயமில்ல. இருமல் ஆரம்பிச்ச முதல் மூணு வாரந்தான் ஆபத்து. அப்ப உங்க பக்கத்துல வேற யாரு இருந்தாங்க?"

அவர் விரல்விட்டு எண்ணிப் பார்த்தார். மில் வரிசை! திங்கட்கிழமை தவறாமல் தூக்குவாளியோடு வரும் தையல்காரர் மருமகள். தோளில் ஒரு மாதக் குழந்தை. இருமலுக்கும் இருமலுக்கும் நடுவில் அதன் கன்னத்தைக் கிள்ளிக் கொஞ்சியிருக்கிறார். இரண்டு திங்களாக அவள் வரவில்லை.

ஆஸ்பத்திரி வாசலில் கிடைத்த ஆட்டோவில் ஏறி, தையல்காரர் வீட்டுக் கதவைத் தட்டினார். மருமகள் குழந்தையைத் தோளில் போட்டபடியே கதவைத் திறந்தாள்.

"குழந்தை எப்படிம்மா இருக்கு?"

"நல்லாத்தான் இருக்கா மாமா. ரெண்டு நாளா பால் சரியா குடிக்க மாட்டேங்கிறா. லேசா சளிதான், வேறொண்ணுமில்ல."

"செருப்பைக்கூட மாட்டாதம்மா," என்றார் அவர். "அப்படியே ஆட்டோல ஏறு."