பெரியாற்றுத் தண்ணீரும் ராக்கம்மாளின் காரும்

உங்கள் காரின் முன்மூடிக்குள் தண்ணீர் ஊற்ற எத்தனை தொட்டிகள் இருக்கின்றன? திறந்து பார்க்காமல் சொல்லுங்கள். தெரியாதென்றால் வெட்கப்பட வேண்டாம். கூடலூர் ராக்கம்மாளுக்கும் தெரியாது. அதைத் தெரிந்துகொண்டே ஆகவேண்டிய ஒரு காலை அவளுக்கு வந்தது, அவ்வளவுதான்.

ராக்கம்மாளுக்கு நாற்பத்தேழு வயது. இருபத்திரண்டு வருடமாகக் குமுளிக்கு மேலே ஏலக்காய் எடுக்கப் போகிறவள். போவது கர்ணனின் ஜீப்பில். எட்டுப் பேர் உட்கார வேண்டிய வண்டியில் பதினேழு பெண்கள், ஒருத்தி மடியில் ஒருத்தி. போன வருடம் ஒரு வளைவில் பின்கதவு திறந்து சமீனா ரோட்டில் விழுந்தாள். இடுப்பெலும்பு முறிந்தது. அவள் நேரம் சரியில்லை என்றது ஊர். நேரமாவது காலமாவது! கொண்டி உடைந்த கதவைக் கயிறு போட்டுக் கட்டி வைத்திருந்தான் கர்ணன்.

அதற்குப் பிறகுதான் ராக்கம்மாளுக்குக் கார்ப் பைத்தியம் பிடித்தது. கம்பத்தில் டிரைவிங் ஸ்கூலில் சேர்ந்தாள். வீட்டில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, சோற்றுப்பானை மூடியை ஸ்டியரிங்காகவும் மத்தை கியராகவும் பிடித்து மலையேறினாள். வெங்காயம் உரித்துக்கொண்டே போனில் வீடியோ பார்த்தாள். பிஸ்டன் என்றால் என்னவென்று புரிந்த அன்று தலைகால் புரியவில்லை. நாலு டம்ளரைத் தூக்கிக்கொண்டு தோழி ஜெய்த்தூன் பீவி வீட்டுக்கு ஓடினாள்.

"நாலும் ஒரே நேரத்துல குதிக்காது ஜெய்த்தூனு. ஒண்ணு மாத்தி ஒண்ணுதான்."

"என் மருமகளுக வேல பாக்குற மாதிரின்னு சொல்லு."

ஒரே ஜீப்பில் போய்வந்த ராக்கம்மாள், ஜெய்த்தூன், ஹேமாவதி, சமீனா, நால்வரும் சேர்ந்து ஒரு பழைய வெள்ளைக் கார் வாங்கினார்கள். சமீனா ஒரு வருடமாக வேலைக்குப் போகவில்லை. இனி அந்த ஜீப்பில் கால் வைப்பதில்லை என்று சொல்லிவிட்டாள். கார் மலையேறினால் அவளுக்கு வேலை உண்டு, ஏறாவிட்டால் இல்லை.

மெக்கானிக் முத்துப்பாண்டி எல்லாவற்றையும் விளக்கினான். ஓட்டப்போகிறவளிடம் இல்லை, கூட வந்த மருமகனிடம். தண்ணியை மட்டும் பார்த்துக்கொண்டால் போதும் என்று தொட்டியைக் கூட அவனுக்குத்தான் தொட்டுக் காட்டினான். மருமகன் மறுநாளே திருப்பூருக்குப் போய்விட்டான். ராக்கம்மாள் தானே காரின் முன்மூடியைத் திறந்தாள். நீல மூடி போட்ட தொட்டி ஒன்று, தண்ணீர் தெறிக்கிற படத்தோடு, கைக்கு எட்டுகிற இடத்தில் இருந்தது. இதுதான் என்று முடிவு கட்டினாள். கூடலூர்க்காரிக்குத் தண்ணீர் என்றால் பெரியாற்றுத் தண்ணீர்தான். லோயர் கேம்ப் வரை போய்க் கேனில் பிடித்து, வேட்டித் துணியில் வடிகட்டி, தினமும் காலையில் வழிய வழிய ஊற்றினாள். வழிகிறதைப் பார்த்து, காருக்குத் தாகம் தீர்ந்தது என்று பூரித்தாள்.

இருபதாம் நாள் முதல் பயணம். லோயர் கேம்ப் தாண்டி மலை ஆரம்பித்ததும் ஹேமாவதி பாடத் தொடங்கினாள். நாலாவது வளைவில் சூடு காட்டும் முள் சிவப்பைத் தொட்டது. ராக்கம்மாள் ஓரங்கட்டி இன்ஜினை நிறுத்தினாள்.

பின்னாலேயே கர்ணனின் ஜீப் வந்து நின்றது. ராக்கம்மாள், ஜெய்த்தூன், ஹேமாவதி மூவரும் விட்டுப்போன இடத்தில் வேறு மூன்று பேர் இருந்தார்கள். கர்ணன் இறங்கி வந்தான், கையில் எலுமிச்சம்பழம்.

"ராக்கம்மாக்கா, இந்த வளவு சும்மா விடாது. புது வண்டின்னா பழம் கேக்கும். நான் சுத்திப் போடுறேன், ஆளுகள ஜீப்புல ஏத்தி விடுங்க. நேரமாகுதுல்ல."

ஹேமாவதி கதவைத் திறந்து ஒரு காலைக் கீழே வைத்துவிட்டாள். சமீனா அசையவில்லை.

"நான் நடந்துகூடப் போறேன்" என்றாள்.

கர்ணன் கண்ணாடிமேல் குனிந்து பழத்தைச் சுற்றினான். முள் இறங்கியதா என்று பார்க்க ராக்கம்மாள் சாவியைத் திருப்பினாள். பதற்றத்தில் கை ஸ்டியரிங் பக்கத்துக் கம்பியை இழுத்துவிட்டது. பீச்சென்று இரண்டு தாரை கர்ணன் முகத்தில். வைப்பர் எழுந்து பழத்தைத் தட்டிப் பள்ளத்தில் எறிந்தது. ஜீப்பே குலுங்கும்படி பதினேழு பேரும் சிரித்தார்கள்.

"ஏலே கர்ணா, வளவு பழம் கேக்கலலே. ஒன்னயக் குளிக்கச் சொல்லுது" என்றாள் ஜெய்த்தூன்.

ராக்கம்மாள் மட்டும் சிரிக்கவில்லை. மறுபடி இழுத்துப் பார்த்தாள். மறுபடி தண்ணீர்.

"இம்புட்டுத் தண்ணி எங்கன இருந்து வருது?"

இறங்கி முன்மூடியைத் தூக்கினாள். நீல மூடித் தொட்டி நிறைந்து நின்றது. அந்தப் பக்கம், இன்ஜினைக் குளிர்விக்கத் தண்ணீர் ஊற்ற வேண்டிய, இரண்டு கோடு போட்ட இன்னொரு தொட்டி காய்ந்து கிடந்தது. இருபது நாளாகப் பெரியாறு முழுவதும் கண்ணாடி கழுவத்தான் போயிருக்கிறது! அவளுக்கு வந்த சிரிப்பில் காரைப் பிடித்துக்கொண்டு அப்படியே குந்திவிட்டாள்.

உடனே திறந்து ஊற்றச் சொன்னான் கர்ணன். சூட்டில் திறந்தால் கொதிநீர் மூஞ்சியில் அடிக்கும் என்று மறுத்தாள் ராக்கம்மாள். வீடியோவில் பார்த்தது. ஹேமாவதி கர்ணனைப் பார்த்தாள், ராக்கம்மாளைப் பார்த்தாள், வெளியே வைத்த காலை உள்ளே இழுத்துக் கதவைச் சாத்தினாள். ஜீப் போயிற்று.

முக்கால் மணி நேரம் காத்திருந்து, மதியச் சோற்றைக் காலையிலேயே தின்று தீர்த்து, இன்ஜின் ஆறிய பிறகு கேனில் மிச்சமிருந்த தண்ணீரை அந்தத் தொட்டியில் மேல்கோடு வரை ஊற்றினார்கள். முள் நடுவிலேயே நின்றது. கார் ஏறியது. தோட்டத்தில் கங்காணி அரைநாள் கூலியை வெட்டினார். வெட்டட்டும் என்று சமீனா கூடையை எடுத்துக்கொண்டு ஏலச்செடிக்குள் நுழைந்தாள், ஒரு வருடத்துக்குப் பிறகு.

அந்தக் காரில் இன்னும் ஒருத்திக்குத்தான் இடம் உண்டு. ஜீப்பில் பதினேழு பேர் அப்படியே இருக்கிறார்கள். நாளை விடியலில் குமுளி ரோட்டுக்கு வாருங்கள். போகிற ஒவ்வொரு ஜீப்பிலும் தலைகளை எண்ணுங்கள். வண்டி எண்ணையும் தலை எண்ணிக்கையையும் எழுதி, ஆள் ஏற்றிப்போகத் தோட்டக்காரர்கள் பஸ் விட வேண்டும் என்று கேட்டுக் கலெக்டருக்கு மனு போடுங்கள். பதில் வராவிட்டால் இன்னொன்று போடுங்கள்.