அணிலுக்கு ஒரு மதர்போர்டு

கம்ப்யூட்டர் ரிப்பேர் தொழிலில் ஸ்க்ரூ டிரைவர் பிடிக்கத் தெரிந்தால் கால் பங்கு வேலை முடிந்தது. மீதி முக்கால் பங்கு, கம்ப்யூட்டரோடு சேர்ந்து வருகிற குடும்பத்தைச் சமாளிப்பது. டிவி மெக்கானிக், மிக்ஸி மெக்கானிக், ஏ.சி.க்கு ஏணி தூக்குகிறவர் என்று இதே பாவத்தைச் செய்து பிழைக்கிற அன்பர்களே, உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். மற்றவர்கள் எல்லாம் "ஒரு சின்ன வேலை, அஞ்சு நிமிஷத்துல முடிச்சிடேன்" என்று சொல்கிற கட்சி, அவர்களுக்குப் புரியாது.

ஸ்விட்சு மட்டும் பழசு

பிள்ளையார்பாளையத்தில் என் கடைக்குப் பின் தெருவில் இருக்கிறார் ஏகாம்பரம் அண்ணன். தறி நெய்கிறவர், புடவைக்கு டிசைன் போடுகிறவர். கம்ப்யூட்டரில் கட்டம் கட்டமாக அவர் வரைவது பென்டிரைவில் ஏறி, தறியின் தலையில் உட்கார்ந்திருக்கும் ஜக்கார்டு பெட்டிக்குப் போகும். அந்தப் பெட்டி சொல்கிறபடி இழைகள் எழும்பி உருவம் விழும். இத்தனை வருஷம் அவர் போட்ட மயிலும் அன்னமும் யாளியும் ஜவுளிக்கடைக்காரர்களுக்குச் சொந்தம். ஆனி மாதம் மகள் வித்யாவுக்குக் கல்யாணம். அவளுடைய முகூர்த்தப் புடவை டிசைனை மட்டும் எந்தக் கடைக்கும் தருவதில்லை, ஊரில் இன்னொருத்தி அதைக் கட்டக்கூடாது என்று பிடிவாதமாக இருந்தார். வித்யா கேட்டது அணில். கரை முழுக்க அணில்கள் ஒன்றையொன்று துரத்திக்கொண்டு ஓட வேண்டுமாம்.

அணிலுக்கு உடம்பு வந்துவிட்டது, வால் வரவில்லை. ஒரு கட்டம் நிறம் மாறுவதற்குள் கையில் இருக்கும் காபி ஆறிப்போகும் அளவுக்குக் கம்ப்யூட்டர் தேய்ந்திருந்தது. மத்தியானம் ஆனால் தானாகவே அணைந்தும் விடும். பிராசசரை மட்டும் மாற்றிக் கொடு என்று வந்தார். புதுப் பிராசசர் பழைய மதர்போர்டில் உட்காராது, மதர்போர்டை மாற்றினால் பழைய ரேம் சேராது, விண்டோஸும் புதிதாகப் போட வேண்டும், அச்சை மாற்றினால் விழுதையும் மாற்றுகிற கதைதான் என்று அவருடைய தறி பாஷையிலேயே விளக்கினேன். எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டுக் கடைசியில் ஒரு கேள்வி கேட்டார்: "அப்போ என்னுதுன்னு அதுல மிச்சம் இருக்கிறது அந்த ஸ்விட்சு மட்டும்தானாப்பா?"

பெட்டிக்குள் அறுவடை

அவர் வீட்டுக்குப் போய் கேபினெட்டைத் திறந்தேன். கம்ப்யூட்டர் இருந்தது தறிக்கு நேர் எதிரில். இத்தனை வருஷமாக ஃபேன் இழுத்த காற்றோடு பட்டுத் துகளும் உள்ளே போய், அரக்கும் பச்சையும் மாம்பழ மஞ்சளுமாக மெத்தை மெத்தையாகப் படிந்திருந்தது. அதற்கு நடுவில் பொடிப்பொடியாக ஜரிகைத் துணுக்குகள். ஜரிகையில் வெள்ளி உண்டு, வெள்ளியில் கரண்டு பாயும், மெஷின் அணையாமல் என்ன செய்யும் என்று நான் ஒரு சொற்பொழிவே ஆற்றினேன்.

அண்ணனின் மனைவி வள்ளி அண்ணியும் நெசவுதான். கன்னத்தில் கை வைத்து முழுக்கக் கேட்டார். நான் தூசியைக் கூட்டிக் குப்பையில் போடப் போனபோது என் கையைப் பிடித்து நிறுத்தினார்: "ஜரிகைய தனியா பொறுக்கி வச்சிடுப்பா, பழைய ஜரிகை வாங்கறவரு இந்தப் பக்கம் வந்துக்கினுதான் இருக்காரு."

எந்தத் தெரு?

புது போர்டை வாங்கச் சென்னைக்குப் போனேன். திரும்பி வந்த காலை, வைகாசி கருட சேவை. இதே ஊரில் பிறந்தவன் இதைக்கூடவா மறப்பான் என்று நீங்கள் கேட்கலாம். என் மனைவியும் அதைத்தான் கேட்டாள். பஸ்ஸை ஊருக்கு வெளியிலேயே நிறுத்திவிட்டார்கள். ஊரே ஒரு திசையில் போக, நான் எதிர்த்திசையில், மதர்போர்டு நசுங்கக்கூடாதே என்று அட்டைப்பெட்டியை இரண்டு கையாலும் தலைக்குமேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு நடந்தேன்.

என்ன ஆச்சரியம், கூட்டம் விலகி வழிவிட்டது. கொஞ்ச தூரம் போன பிறகுதான் ஏன் என்று விளங்கியது. பூக்கூடையோடு நின்ற ஒரு அம்மாள் எட்டிப் பெட்டியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். அதைப் பார்த்துப் பக்கத்தில் நின்றவர்களும் ஒற்றிக்கொண்டார்கள். உள்ளே இருப்பது கம்ப்யூட்டர் சாமான் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அந்த அம்மாள் பக்தியோடு விசாரித்தார்: "எந்தத் தெரு மண்டகப்படிக்குப்பா எடுத்துக்கினு போற?"

ஒரு பொட்டு

புதுப் பிராசசரை உட்கார வைத்து, அதன் தலையில் சூடு கடத்துகிற வெள்ளைப் பசையை ஒரு துளி வைத்தேன். ஏகாம்பரம் அண்ணன் அதுவரை மூச்சுவிடாமல் பார்த்துக்கொண்டிருந்தார். நெற்றி நிறைய விபூதி பூசுகிற மனுஷன். இதைப் பார்த்ததும் முகத்தில் ஒரு பரிச்சயம் தெரிந்தது.

அது எதற்கு என்று கேட்டார். சூடு தணிவதற்கு என்றேன். பலமாக ஆமோதித்தார். இன்னும் கொஞ்சம் தாராளமாகப் பூசினால் நல்லதுதானே என்றார். அதிகமானால் வழிந்துவிடும், ஒரு துளி போதும் என்றேன். என்மேல் அவருக்கு இருந்த மரியாதை அந்த இடத்தில் லேசாக இறங்கியதைக் கண்ணால் பார்த்தேன். "சிக்கனம் வேற எங்கேயாவது பண்ணுப்பா, நெத்தியில பண்ணாத."

பழசு கொஞ்சம் இருக்கணும்

கழற்றிய பழைய மதர்போர்டை, பிராசசரும் ரேமும் ஃபேனும் அதிலேயே ஒட்டிக்கொண்டிருக்க, என் பையில் போட்டேன். அண்ணன் மறித்தார். தறியில் புதுப் பாவு, அதாவது நெடுக்கு இழைகள், ஏற்றும்போது யாரும் வெறும் தறியில் ஏற்றுவதில்லை. பழைய பாவின் வாலைக் கொஞ்சம் தறியிலேயே விட்டு வைத்து, அதன் ஒவ்வொரு இழையோடும் புது இழையை முறுக்கிப் பிணைத்துத்தான் ஏற்றுவார்கள். அதே மாதிரி இதுவும் வீட்டோடு இருக்கட்டும் என்றார். இது தறி இல்லை, இழையும் இல்லை, பிணைக்க இதில் ஒன்றுமே இல்லை என்று நான் தொண்டைத்தண்ணி வற்றக் கத்தினேன்.

நான் கத்திக்கொண்டிருக்கும்போதே அண்ணி போர்டை வாங்கிக்கொண்டு போய், மூலையில் சந்தனம் வைத்து, ஃபேன் நடுவில் குங்குமம் இட்டுச் சாமி அலமாரியில் சாத்தி வைத்துவிட்டார். வித்யா தனியார் ஆஸ்பத்திரி லேபில் வேலை பார்க்கிற பெண், படித்தவள், அவளாவது சொல்வாள் என்று அவளைப் பார்த்தேன். அவள் செல்போனிலிருந்து தலையை எடுக்காமலே சொன்னாள்: "விட்ருங்கண்ணா, இந்த வூட்ல என் பால் பல்லு கூட இன்னும் இருக்குது."

பூட்டு

சிரித்தது போதும். டிசைன் போடுகிற சாஃப்ட்வேருக்கு ஒரு பூட்டு உண்டு. தீப்பெட்டி அளவில் ஒரு கட்டை; அது கம்ப்யூட்டரின் முதுகில் செருகியிருந்தால்தான் சாஃப்ட்வேர் திறக்கும். அந்தக் காலத்துப் பிரிண்டர் ஒயர் சொருகுகிற அகலமான வாயில் பொருந்துகிற கட்டை அது. புதுக் கம்ப்யூட்டர் ஜம்மென்று ஆன் ஆனது, எல்லோரும் கை தட்டினார்கள், அண்ணன் கட்டையைக் கொண்டுவந்து கொடுத்தார். பின்பக்கம் தடவினேன். புது போர்டில் அந்த வாயே கிடையாது. வாங்குவதற்கு முன் நான் பார்த்திருக்க வேண்டியது அது ஒன்றைத்தான்.

மாற்றி இணைக்கிற ஒயர் வாங்கிப் போட்டேன், பூட்டு கண் திறக்கவில்லை. சாஃப்ட்வேர் விற்றவர்களுக்குப் போன் செய்தேன். அந்தப் பழைய பதிப்பை நிறுத்திவிட்டோம், புதுசு வாங்குங்கள், ஆனால் பழைய டிசைன் அதில் திறக்கும் என்று சொல்ல முடியாது என்றார்கள். வாலில்லாத அணில்கள் அத்தனையும் உள்ளே மாட்டிக்கொண்டன. முதலிலிருந்து வரைந்தால் கல்யாணத்துக்குள் நெய்து முடிக்க முடியாது.

ஏகாம்பரம் அண்ணன் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும். தறிக்குப் போய், கல்யாணப் புடவைக்காக ஏற்றிய பாவு இழைகளை உள்ளங்கையால் ஒருமுறை தடவிவிட்டு, அதன் பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டார். வித்யா அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள்: "வுடுப்பா, கடையில மயில் போட்டது ஒண்ணு எடுத்துக்கலாம். அதுவும் நீ போட்டதாத்தான் இருக்கும்."

திறந்தது

அந்த வார்த்தையைக் கேட்டுவிட்டு என்னால் அங்கே சும்மா நிற்க முடியவில்லை. நேராகச் சாமி அலமாரிக்குப் போனேன். பழைய போர்டை எடுத்துத் தறி ஓரத்தில் ஒரு அட்டையின்மேல் படுக்க வைத்தேன். சந்தனத்தைத் துடைத்தேன், குங்குமத்தை ஊதினேன்; என் சட்டை இன்றைக்கும் சிவப்பாகத்தான் இருக்கிறது. ஃபேனைக் கழற்றினால், அதற்கு அடியில் ஒரு கைக்குட்டை நெய்கிற அளவுக்குப் பட்டு அடைந்து கிடந்தது. எப்படியும் தூக்கிப் போடுகிற போர்டுதானே என்று முதல் நாள் நான் அங்கே பார்க்கவே இல்லை. மெஷின் சூடேறித் தவழ்ந்ததற்குக் காரணம் அதுதான். சுத்தம் செய்து, பசை வைத்து, அழிக்காமல் எடுத்து வைத்திருந்த பழைய டிஸ்க்கையும் என் பையில் கிடந்த ஒரு பவர் சப்ளையையும் மாட்டினேன். பசையை ஒரு துளி தாராளமாகவே வைத்தேன்.

அதற்கு ஸ்விட்சு இல்லை. அதுதான் புதுக் கம்ப்யூட்டரோடு போய்விட்டதே. ஸ்விட்சுக்கான இரண்டு ஊசிகளையும் ஸ்க்ரூ டிரைவரால் தொட்டேன். ஃபேன் சுற்றியது. பூட்டைச் செருகினேன், சாஃப்ட்வேர் திறந்தது, அணில்கள் வரிசையாக வந்து நின்றன. அண்ணன் ஒரு கட்டத்தைத் தொட்டார், உடனே நிறம் மாறியது. இன்னொன்று தொட்டார், அதுவும் மாறியது. அவர் கண் கலங்கியிருந்தது, என் கண்ணும்தான். பிறகு அவர் திரையைப் பார்த்தார், புதுக் கம்ப்யூட்டரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். இந்த மாதிரி சமயத்தில் கீழே விழாத ஸ்க்ரூவைத் தரையில் தேட வேண்டும் என்பது உங்களுக்குத் தெரியும், தேடினேன். மேலேயிருந்து குரல் மட்டும் வந்தது: "நல்லாத்தானே ஓடுது. அப்போ புதுசு எதுக்குப்பா வாங்கினோம்?"

சீர்

ஆனி முகூர்த்தத்துக்கு முன்பே புடவை நெய்து முடிந்து தறியிலிருந்து அறுபட்டது. புதுக் கம்ப்யூட்டர், குத்துவிளக்கு, பித்தளை அண்டா வரிசையில் சீராக முசரவாக்கத்து மாப்பிள்ளை வீட்டுக்குப் போயிற்று. அதன் நெற்றியில் அண்ணி தாராளமாகவே சந்தனம் வைத்திருந்தார். பழைய போர்டு தறி ஓரத்து அட்டையிலேயே தங்கிவிட்டது. ஸ்விட்சு வைத்துத் தருகிறேன் என்று நானும் சொல்லிக்கொண்டே இருக்கிறேன், அண்ணியும் தன் கொண்டை ஊசியால் ஆன் செய்துகொண்டே இருக்கிறார்.

கல்யாணத்தில் வித்யா மணவறையைச் சுற்றி வந்தபோது கரையில் அணில்கள் வாலைத் தூக்கிக்கொண்டு ஓடின. வால் ஒரு சுற்று பெரிதுதான். கம்ப்யூட்டர் வேகமாக ஓடிய சந்தோஷத்தில் அண்ணன் கையை நிறுத்தவில்லை. பந்தியில் ஒரு ஜவுளிக்கடை முதலாளி அவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, அந்த அணில் டிசைனைத் தனக்குக் கொடுக்கும்படி கேட்டார். ஆயுசு முழுக்க அவரிடம் ஒருமுறைகூட மாட்டேன் என்று சொல்லாதவர் ஏகாம்பரம் அண்ணன். இலையிலிருந்து கையை எடுத்து, எழுந்து நின்று, பணிவாகச் சொன்னார்: "அது பூட்டுக்குள்ள இருக்குதுங்க முதலாளி. சாவிய என் பொண்ணு எடுத்துக்கினு போயிட்டா."

அன்பர்களே, நான் இதுவரை புதுப்பித்துக் கொடுத்த கம்ப்யூட்டர்களில் ஒரு புகாரும் வராமல் ஓடிக்கொண்டிருப்பது, உதவாது என்று நான் கழற்றிப் போட்ட அந்த ஒன்றுதான்.