எழும்புங்கோ மாமா!

போன வெள்ளிக்கிழமை ஓர்ஸ் ஹில்லில் இருந்து என் மச்சாள் வந்தார் – கணவரின் அக்கா. வந்தவர் வாசலோடு நின்றுவிட்டார்.

உள்ளே அவருடைய அப்பா, அதாவது என் மாமா, கதிரையில் இருந்து எழும்புகிறார்... இருக்கிறார்... மறுபடி எழும்புகிறார். முகமெல்லாம் வியர்வை. இடுப்பில் பிள்ளையோடு எதிரே நான். "கை ஊன்றாதேங்கோ மாமா!"

"என்ன இது? வயசு போன மனுசனைத் தோப்புக்கரணம் போட விட்டிருக்கிறீர்?"

"பயிற்சி, மச்சாள். டொக்டர் சொன்னவர்."

"அப்ப நான் கொழும்பில இருந்து எடுப்பிச்சுத் தந்த மீன் எண்ணெய்க் குளிசை? அது அவர் இருந்தபடியே சுகப்படத்தானே!"

நானும் அப்படித்தான் நம்பியிருந்தேன். நல்ல மருமகள் யார்? மாமனாரை எழும்ப விடாதவள். எங்கள் பக்கத்தில் இதற்கு மறுபேச்சே கிடையாது. தேநீர் கைக்கு வரும், பேப்பர் கைக்கு வரும், சாப்பிட்ட கையைக் கழுவத் தண்ணீரும் கதிரையடிக்கே வரும்.

கூடவே நாளுக்கொரு குளிசை. சண்டையால் கடலுக்குப் போகத் தடை, சந்தையில் மீன் இல்லை. துறைமுகத்தைப் பார்த்துக்கொண்டே மீனைக் குளிசையாக விழுங்குகிற காலம் இது! வெள்ளிக்கிழமை மட்டும் அதற்கும் லீவு. "குளிசைக்குள்ள இருந்தாலும் மீன் மீன்தானே பிள்ளை" என்பார் மாமா.

பிறகுதான் அந்த மாலை வந்தது. ஷெல் விழத் தொடங்கியபோது கணவர் வேலையில். ஒரு கையால் பிள்ளையை அள்ளினேன். மற்றக் கையால் மாமாவை இழுத்தேன். பாதி எழும்பினார். கால்கள் நடுங்கின. தொப்பென்று கதிரையிலேயே விழுந்தார்.

"ஏலாது. நீ குஞ்சைக் கொண்டு ஓடு. நான் இருக்கிறன்."

வளவில் வெட்டியிருந்த பங்கருக்குள் பிள்ளையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, வீட்டுக்குள் அவர் இருமுகிறாரா என்று காதைத் தீட்டிக்கொண்டிருந்தேன். அன்று தப்பினார். அடுத்த முறை?

மறுநாளே டொக்டரிடம் போனேன். "குளிசையைக் கூட்டிக் கொடுக்கவோ?"

"கூட்ட வேண்டாம். வயசானவைக்கு இந்த எண்ணெய் தசைக்குக் கொஞ்சம் உதவலாம். ஆனா எழும்பாத காலுக்கு அது மட்டும் போதாது. கதிரையில இருந்து கை ஊன்றாமல் எழும்பி எழும்பி இருக்கச் சொல்லுங்கோ. முதல்ல, நீங்கள் செய்யிற சேவையைக் குறையுங்கோ."

சேவையைக் குறைப்பதா? விழுந்து இடுப்பு முறிந்தால்? ஊர் என்ன சொல்லும்? கணவர் என்ன நினைப்பார்? யோசித்து யோசித்துக் களைத்தேன். ஆனால் எனக்கு இருப்பது இரண்டு கைதான். ஒன்றில் பிள்ளை.

சாய்மனைக் கதிரையை மடித்து அறைக்குள் வைத்துப் பூட்டினேன். சாப்பாட்டு மேசைக் கதிரைதான் இனி. தேநீர் குசினியில்; வேண்டுமென்றால் அவரே எழும்பி வரவேண்டும்.

"கந்தோரில கூட என்னட்ட இப்பிடி வேலை வாங்கேல்லை" என்று மாமா முறைத்தார். ஆனாலும் எழும்பினார். ஒரு மாதமாக இப்படித்தான்.

இவ்வளவையும் கேட்ட பிறகும் மச்சாளின் முகம் இளகவில்லை. "விழுந்தால் நீர்தான் பொறுப்பு."

"ஓம் மச்சாள். நான்தான்." பிள்ளையை மற்ற இடுப்புக்கு மாற்றிக்கொண்டே சொல்லிவிட்டேன்.

ஞாயிறு பகல் மறுபடி ஷெல் சத்தம். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு முன்னறைக்கு ஓடினேன். கதிரை வெறுமையாக இருந்தது. எங்கே விழுந்து கிடக்கிறார்?

"பிள்ளை! அங்க என்னத்தைத் தேடுறாய்?"

குரல் வளவில் இருந்து வந்தது. பங்கர் படியில் மார்பளவுக்கு இறங்கி நின்றபடி, இரண்டு கைகளையும் நீட்டிக்கொண்டிருந்தார்.

"குஞ்சை இஞ்சால தா. நீ பிறகு இறங்கு."

செய்தி கேட்ட மச்சாள் சொன்னார்: "பாத்தீரோ, குளிசை வேலை செய்யுது!"

இருக்கலாம். குளிசையா, கதிரையா? ஒன்றை நிறுத்திப் பார்த்தால் தெரிந்துவிடும் – நிறுத்திப் பார்க்கிற துணிச்சல் மட்டும் எனக்கு இல்லை!