வரப்பை விட்டு இறங்கியவர்

எங்கள் அண்ணன் போய் ஓராண்டு ஆகிறது. திதிக்கு வந்திருக்கும் உங்களிடம் அவரைப் பற்றிச் சொல்ல வேண்டியது தம்பியான என் கடமை. அதைத்தான் இதில் எழுதியிருக்கிறேன்.

அண்ணன் பாலக்கோட்டுக்குப் பக்கத்தில் பிறந்தார். அப்பாவைச் சிறு வயதிலேயே இழந்து, மாமா வீட்டில் தங்கிப் படித்து, சேலம் செஷன்ஸ் கோர்ட்டில் சர்க்கார் வக்கீல் ஆனார். கொலை வழக்கு என்றால் அவர்தான். அவர் குரலுக்குக் கூண்டில் நிற்பவன் வியர்ப்பான்.

சித்தேரி மலையடிவாரத்தில் வெள்ளச்சி என்ற பெண்ணின் மானாவாரிக் காட்டைப் பிடுங்க வந்த மரக் கான்ட்ராக்டர், ஏரோட்டிக்கொண்டிருந்த அவள் புருஷனைக் கோடரியால் பிளந்தான். தடுத்தவளின் வலக்கை மணிக்கட்டோடு போயிற்று. அந்த வழக்கில் அண்ணன் அவனுக்கு ஆயுள் தண்டனை வாங்கித் தந்தார். தீர்ப்பன்று கோர்ட் வராந்தாவில் நானும் இருந்தேன்.

"இனி நிம்மதியா ஊருக்குப் போம்மா" என்றார் அண்ணன்.

"எங்க போறதுங்க சாமி? அவன் உள்ள போயிட்டான். அவன் தம்பி எங்க காட்டுல ஏரோட்டறான். கூண்டுல ஏறி அதையும் சொல்லலாம்னுதான் வந்தேன். கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லுன்னு நீங்கதானுங்க சொன்னீங்க."

அண்ணன் அன்று சாப்பிடவில்லை. சில வாரங்களில் வேலையை விட்டுவிட்டு, தருமபுரி முன்சீப் கோர்ட்டில் அவளை வாதியாக்கிக் காட்டை மீட்க வழக்குப் போட்டார். அவளைப் போலப் பலர் வரத் தொடங்கினார்கள்.

"புலி வேட்டைக்காரர் வரப்புச் சண்டைக்கு வந்துட்டீங்களே!" என்று கேலி செய்தார் ஒரு வக்கீல்.

"புலி தின்னது போக மிச்சம் கிடக்குதுங்களே. அதைப் பார்க்க ஆள் வேணுமில்ல?"

கான்ட்ராக்டரின் ஆட்கள் எங்கள் வீட்டுக் கூரை ஓடுகளைக் கல்லால் அடித்து நொறுக்கினார்கள். எங்கள் காளையின் பின்னங்காலை வெட்டி வாசலில் போட்டார்கள். அண்ணியார் ரத்தத்தைக் கழுவினார்கள். அண்ணன் கோர்ட்டுக்குக் கிளம்பினார்.

வெள்ளச்சி பக்கம் டிக்ரி ஆயிற்று. காட்டில் தமுக்கு அடித்து, கோர்ட் சேவகரான அமீனா அறிவித்து, மண்ணை எடுத்து வாதி கையில் கொடுத்தால்தான் சுவாதீனம், நிலம் கைக்கு வந்ததாகக் கணக்கு. வக்கீல்கள் அதற்குப் போவதில்லை. அண்ணன் போனார், துணைக்கு நானும் போனேன். கொடுவாளோடு நின்றவர்களைப் பார்த்து வெள்ளச்சி வரப்பிலேயே நின்றுவிட்டாள். "வா தாயி, இது உன் காடு" என்று அண்ணன் முதலில் இறங்கினார்.

கான்ட்ராக்டரின் தம்பி வீசிய வெட்டு அண்ணன் கழுத்தில் விழுந்தது. அடுத்தது தோளில். தமுக்கு நின்றது. என் மடியில் கிடந்தபடி அண்ணன், "அமீனா, முடிச்சிருங்க" என்றார். மறுபடி தமுக்கு ஒலித்தது. வெள்ளச்சி இறங்கி வந்து, இடக்கையில் மண்ணை வாங்கிக்கொண்டாள். அரூர் ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில் அண்ணன் அடங்கிவிட்டார்.

போன மாதம் சேலம் கோர்ட்டில் நான்தான் முதல் சாட்சி. இன்றைய சர்க்கார் வக்கீல் அண்ணனிடம் தொழில் பழகியவர். "கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லுங்க, சார்" என்றார். யார் வெட்டியது என்று கேட்டார்கள், சொன்னேன். அண்ணன் ஏன் வரப்பை விட்டு இறங்கினார் என்று யாரும் கேட்கவில்லை. அதனால் இங்கே எழுதினேன்.

அண்ணனைக் கட்டிலில் தூக்கி வந்த மலைக்காரர்களுக்கும், பெட்ரோலுக்குப் பதில் கரியில் ஓடும் பஸ்ஸின் அடுப்பை வழியெல்லாம் ஊதி ஊதி ஓட்டிய டிரைவருக்கும், அண்ணியாரை விட்டு அகலாத உறவினர்களுக்கும் எங்கள் கும்பிடு. என் மகனும் சட்டம்தான் படிப்பேன் என்கிறான். வேண்டாம் என்று சொல்ல வாய் வரவில்லை. சரி என்று சொல்லவும் வரவில்லை.

இன்று அண்ணனுக்குப் படைத்து உங்கள் இலையிலும் பரிமாறும் சாமைச் சோறு, வெள்ளச்சியின் காட்டில் விளைந்தது. இருந்து சாப்பிட்டுப் போங்கள்.