முக்காடு போட்ட எழுத்து

சோடாக்கடைப் பலகைக்கு எதிரே வந்ததும் மரி லான் கூடையை இடுப்புக்கு மாற்றிக்கொள்வாள். அண்ணாந்து ஒரே ஓர் எழுத்தைப் பார்ப்பாள். ஆள்காட்டி விரலால் அதை இடது உள்ளங்கையில் வளைத்து இழுத்து, உடனே கையை மூடிக்கொள்வாள்.

"இன்னாடி சைகோன்காரி, பலகைய வூட்டுக்குத் தூக்கினு போறியா?" என்பாள் குழாயடியில் நிற்கும் கொளஞ்சி.

"ஒண்ணுதான் எடுத்தேன். மீதி ஒனக்கு."

தெரு சிரிக்கும், அவளும் சிரிப்பாள். சிரித்து முடிந்த பிறகு அவளோடு பேச யாருக்கும் ஒன்றும் இருக்காது.

சைகோனில் வேலை பார்த்த சவரிராயன் கட்டிக்கொண்டு வந்தவள். எங்கள் எதிர்வீட்டு மாடியில் சட்டை தைத்துப் பிழைக்கிறாள். வந்த மறுவருஷமே அவர் காய்ச்சலில் போய்விட்டார். அந்தக் குடும்பத்தில் பெண்கள் அடக்கத்துக்குப் போவதில்லை. இடம் தெரிந்த அவருடைய அண்ணன், "சிலுவைல தமிழ்ல பேரு இருக்குது, பாத்துக்கம்மா" என்று சொல்லிக் கப்பலேறினார். திரும்பி வருவார், காட்டுவார் என்று சில வருஷம் காத்திருந்தாள். வரவில்லை. அவளுக்குத் தெரிந்ததோ பிரெஞ்சு எழுத்துத்தான்.

"தம்பி, அவரு பேரு எழுதிக் குடு" என்று சிலேட்டுப் பலகையோடு என்னிடம் வந்தாள்.

"நானே தேடிப் பாத்துட்டு வரேங்க்கா" என்றேன்.

"நீ பாத்தா, நீ பாத்தது."

எழுத்தின் ஒலியை அவள் கேட்பதில்லை. உருவத்தைப் பார்த்து உறவு வைக்கிறாள். 'ரி'யையும் 'ரா'வையும் தொட்டுக் காட்டி, "ரெண்டும் ஒரு வூட்டுப் பொண்ணு. இவ முக்காடு போட்டுக்கினு பூசைக்குப் போறா. அவ பக்கத்துல புள்ளைய நிக்க வச்சிருக்கா" என்றாள்.

சென்ற கல்லறைத் திருநாளுக்கு முதல் நாள், கூட்டம் சேருமுன் தனியே போனாள். சாயங்காலம் படியேறும்போது, "கெடைச்சுதாக்கா?" என்றேன்.

"கடைசி வரிசை. பேரு மழைல போயிடுச்சி. நான் எழுதிட்டேன்."

மறுநாள் போய்ப் பார்த்தேன். வெள்ளைச் சிலுவையில் தார் எழுத்துகள் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு நின்றன. எல்லாம் சரியாக இருந்தது.

கல்லறையில் குழிவெட்டும் பாவாடை என்பவர் சொன்னது அதற்கும் பிறகு. சவரிராயனின் சிலுவையைக் கரையான் தின்று, அந்த இடத்தில் வேறொருவரைப் புதைத்தே வெகுகாலம் ஆகிறதாம். இவள் எழுதியது நாதியில்லாமல் செத்த ஒரு கப்பல்காரனின் சிலுவையில்.

"தெரிஞ்சும் சொல்லலியா?"

"ஒவ்வொரு சிலுவையா படிச்சிக்கினே வந்துச்சிங்க. அந்தக் கடைசிக்கு அப்பறம் வேற சிலுவ இல்ல."

அவள் எழுதி முடிக்கும்வரை தார்ச்சட்டியை ஏந்திக்கொண்டு நின்றவர் அவர்தான்.