இடதுகைக் கட்டைவிரல்

கஹ்தான் ஒரே ஒரு விரலைத்தான் கழுவுவார். கொட்டகை வாசலில் ஒரு தண்ணீர்க் கூஜாவும் தேய்ந்த சோப்புத் துண்டும் எப்போதும் இருக்கும். இடதுகைக் கட்டைவிரலில் சோப்பைத் தேய்த்து, நகக்கண்ணில் நுரை ஏறும்வரை விட்டு, கூஜாவை முழங்கையால் சாய்த்து அலசுவார். பிறகு பனியனின் உள்பக்கம் எங்கே சுத்தமாக இருக்கிறது என்று தேடிப்பிடித்துத் துடைத்துக்கொள்வார். மற்ற ஒன்பது விரல்களும் டீசலும் கிரீஸும் ஏறிக் கறுத்தபடியே கிடக்கும். கேட்டால், “அதுங்களுக்கு என்ன, கல்யாணமா காட்சியா?” என்பார்.

பாக்தாதில் எங்கள் சந்துக்கு ஜெனரேட்டர்காரர் அவர். மகள் மைஸின் பெயரை ஒட்டி எல்லோருக்கும் அபு மைஸ். என் நகலெடுக்கும் கடைக்கு நேர் எதிரே அவருடைய தகரக் கொட்டகை. சுவரில் ஒரு சிவப்பு பல்பு, அரசாங்க மின்சாரத்தில் எரிவது. அது அணைந்ததும் ஸ்டார்ட்டரை அழுத்துவார். என்ஜின் சத்தம் நிதானத்துக்கு வரும்வரை தலையைச் சாய்த்துக் கேட்பார். அப்புறம் சுவிட்ச்சின் முழங்கை நீளக் கைப்பிடியை மேலே தள்ளுவார். நூற்றுச் சொச்சம் வீடுகளில் விசிறி சுற்றத் தொடங்கும், என் மெஷினும் முனகிக்கொண்டு எழுந்திருக்கும். கோடையில் ஒரு நாளைக்கு ஐந்தாறு தரம் இந்தக் கூத்து நடக்கும்.

இடைப்பட்ட நேரமெல்லாம் அந்த பல்பைப் பார்த்துக்கொண்டிருப்பதுதான் உத்தியோகம். எந்த மனிதனால் முடியும்? கஹ்தான் மடியில் ஒரு விளையாட்டுக் கருவியை வைத்திருப்பார். நடுவில் திரை, இரண்டு பக்கமும் பிடித்துக்கொள்ள இடம், ஒவ்வொரு பக்கத்திலும் ஒரு குட்டிக் குச்சி, குச்சிக்குக் கீழே ஒரு டிராக்பேட். மடிக்கணினியில் விரலால் தடவுவோமே, அதே மாதிரிச் சதுரம்தான், பிஸ்கட் அளவில் இருக்கும். பாபுஷ்ஷர்க்கி சந்தையில் பழைய சாமான்களோடு கிடந்ததை வாங்கி வந்தார். புழுதி புகுந்து இரண்டு குச்சிகளும் செத்துவிட்ட கருவி. விற்றவன் ஓர் ஏமாளி கிடைத்தான் என்று சந்தோஷப்பட்டிருப்பான்.

“குச்சிக்குக் கழுத்து இருக்கு உஸ்தாத்,” என்று எனக்கு விளக்கினார். காகிதத்தோடு புழங்குகிறவன் என்பதால் நான் அவருக்கு உஸ்தாத், அதாவது வாத்தியார். “நம்ம ஊர்ப் புழுதி கழுத்துலதான் போய் உக்காரும். சதுரத்துக்குக் கழுத்தே கிடையாது. எங்க போய் உக்காரும்?”

அவர் ஆடுவது ஒரே ஓர் ஆட்டம். ஆற்றங்கரையில் ஊர் கட்டும் ஆட்டம். வாய்க்கால் வெட்டி, வீடு வைத்து, பாலம் போட்டு, வெள்ளம் வந்தால் மதகை மூடி ஊரைக் காப்பாற்ற வேண்டும். கணினியின் எலியும் மேசையும் இருந்தால்தான் ஆட முடியும் என்று எல்லோரும் நினைக்கிற ஆட்டம். இவருக்கு அந்தச் சதுரமே எலி. தடவினால் அம்பு ஓடும், அதையே அழுத்தினால் சொடுக்கு. எல்லாம் ஒரே கட்டைவிரலில் முடிந்துவிடும். வலப்பக்கச் சதுரத்துக்கு இருந்த வேலையை எடுத்து இடப்பக்கத்துக்குக் கொடுத்துவிட்டார். காரணம் இருக்கிறது. வலதுகை எப்போதும் ஸ்டார்ட்டர்மேல் இருக்க வேண்டும்.

ஃபோனிலேயே ஆடலாமே என்று ஒருநாள் வாயைக் கொடுத்தேன்.

“ஃபோன்ல விரல வெச்சா விரலுக்குக் கீழ பாதி ஊரு மறைஞ்சுபோகுது. நான் வீடு கட்டறதா, விரலத் தூக்கித் தூக்கிப் பாக்கறதா? இதுல பாரு கண்ணு, விரல் ஓரமா நிக்குது, ஊரு முழுசாத் தெரியுது. அழுத்தறப்ப உள்ள ‘டிக்’குனு ஒரு துடிப்பு வேற.” அப்புறம் குரலைத் தாழ்த்தினார். “அதுவும் என் ஊர்ல கரண்ட்டே போறதில்ல.”

பெருமைக்குக் குறைச்சலே இல்லாத மனிதர்.

வம்பு ஆரம்பித்தது ஒரு வியாழக்கிழமை. எங்கள் சந்தில் உம் ரஃபல் வீட்டிலேயே பெண்களுக்கான அழகு நிலையம் நடத்துகிறாள். வியாழன் என்றால் கல்யாணப் பெண்கள். அன்று மின்சாரம் போயிற்று, ஜெனரேட்டர் இருமியது, நின்றுவிட்டது. அடைத்துக்கொண்ட டீசல் ஃபில்டரை மாற்றக் கஹ்தான் என்ஜினுக்கு அடியில் புகுந்தார். கால் மணி நேரம் ஆயிற்று. வெளிச்சத்தைக் கொடுத்துவிட்டு, விரலைக் கழுவிக்கொண்டு அப்போதுதான் உட்கார்ந்தார். சீப்பும் கையுமாக உம் ரஃபல் வந்து நின்றாள்.

“ஏன்யா அபு மைஸ், அங்க கல்யாணப் பொண்ணு பாதித் தலை சுருளும் பாதித் தலை நேருமா உக்காந்து அழுவுறா. நீ இங்க பொம்மையத் தடவிக்கிட்டிருக்கியா?”

“ஃபில்டர் அடைச்சிருச்சு, உம் ரஃபல். இந்தா, கையப் பாருங்க.”

“பாத்தேன், பாத்தேன். அந்த ஒரு விரல் மட்டும் பளபளன்னு இருக்கே, அது எந்த ஃபில்டருக்குள்ள போய்ட்டு வந்துச்சு?”

அவள் பின்னாலேயே வந்து கூடியிருந்தவர்கள் சிரித்துவிட்டார்கள். அந்தச் சிரிப்பில் கஹ்தானின் வழக்கு தோற்றுப்போயிற்று. என்ஜினுக்கு அடியிலிருந்து அவர் கால்கள் நீட்டிக்கொண்டிருந்ததை நான் என் கண்ணால் பார்த்தேன். சொல்லியிருக்கலாம். மெஷினுக்குள் மாட்டிக் கசங்கிய காகிதங்களின் எரிச்சலில் நானும் சேர்ந்து சிரித்தேன். இப்போது நினைத்தாலும் வெட்கமாக இருக்கிறது.

விஷயம் முக்தார் காதுக்குப் போயிற்று. பகுதியில் நல்லது கெட்டதற்கு அவர் வார்த்தைதான். பெயர் ஹஜ்ஜி நுஃமான், பேச்சு குறைவு, கையில் எப்போதும் முப்பத்துமூன்று மணி ஜெபமாலை, தஸ்பீஹ். அடுத்த வியாழன் பிற்பகல் அஸர் தொழுகை முடிந்ததும் கொட்டகைக்குள் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டார்.

“நீ உன் பாட்டுக்கு ஆடு. கரண்ட் போகட்டும். இந்த மாலை ஒரு சுத்து சுத்தறதுக்குள்ள வெளிச்சம் வரணும். வரலன்னா உன் விளையாட்டுப் பெட்டி என் அலமாரிக்குப் போயிரும். சம்மதமா?”

“சம்மதம் ஹஜ்ஜி,” என்றார் கஹ்தான்.

எங்கள் சந்தில் மின்சாரம் போகட்டும் என்று ஜனங்கள் காத்திருந்தது அன்று ஒருநாள்தான். வழக்கமாகச் சொல்லாமல் கொள்ளாமல் போகிற மின்சாரம் அன்றைக்குப் போக மாட்டேன் என்கிறது. முக்தார் ஒரு டீ குடித்தார், இன்னொன்றும் குடித்தார். எவ்வளவு நேரம்தான் பல்பையே பார்ப்பார்? மெதுவாகக் கழுத்தை நீட்டித் திரையைப் பார்த்தார்.

“அந்தக் கரையில ஏன் வீடே இல்ல?”

“தாழ்வான இடம் ஹஜ்ஜி. வெள்ளம் வரும்.”

“அப்ப கோதுமை போடேன்.”

“போட்டிருக்கேன், இந்தா.” கட்டைவிரல் நகர, திரையும் நகர்ந்தது.

முக்தார் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். தஸ்பீஹ் மடியில் விழுந்ததை அவர் கவனிக்கவில்லை. கடை வாசலில் நின்றிருந்த எனக்கே அவர் குரல் கேட்டது: “வருது பாரு தண்ணி! மேல் மதக மூடு! ஐயோ, அது இல்லய்யா, அதுக்கு மேல!”

சிவப்பு பல்பு அணைந்தது.

முக்தார் நிமிர்வதற்குள் கஹ்தானின் வலதுகை ஸ்டார்ட்டரை அழுத்திவிட்டது. இடதுகைக் கட்டைவிரல் இன்னும் மதகைத் தேடிக்கொண்டிருந்தது. முக்தார் அவசரமாக மாலையைத் தேடி எடுத்து உருட்டத் தொடங்கினார். என்ஜின் இருமி, உறுமி, நிதானத்துக்கு வந்தது. கஹ்தான் கைப்பிடியைத் தள்ளினார். அது அசையவில்லை. ஜூலை வெயிலில் அதன் அடியிலிருந்த செம்புக் கவ்வி இறுகிப்போயிருந்தது. மறுபடி தள்ளினார். அசைவேனா என்றது.

அவர் திரையைப் பார்க்கவில்லை, கருவியையும் பார்க்கவில்லை. பக்கத்திலிருந்த தீயணைக்கும் மணல் வாளிக்குள் அதைத் தலைகீழாக வீசிவிட்டு, இரண்டு கைகளாலும் கைப்பிடியைப் பிடித்துத் தோளைக் கொடுத்து ஏற்றினார். பளீரென்று ஒரு பொறி. சந்து முழுக்க வெளிச்சம். எதிர் ஜன்னலில் உம் ரஃபல் தலை உலர்த்தும் கருவியை உயர்த்திக் காட்டினாள். என் மெஷின் விட்ட இடத்திலிருந்து காகிதத்தைத் துப்பியது.

நான் எதிரே கொட்டகைக்கு ஓடினேன். என்ஜின் ஓடும்போது அங்கே ஒருவர் பேசுவது இன்னொருவருக்குக் கேட்காது. முக்தார் விரலிடுக்கில் பிடித்திருந்த மணியைத் தூக்கிக் காட்டினார். மாலையில் பாதிக்குமேல் மிச்சம் இருந்தது. கஹ்தான் அதைப் பார்க்கவில்லை. மணலில் பாதி புதைந்து கிடந்ததையே பார்த்துக்கொண்டிருந்தார். முகம் வெளிறிப்போயிருந்தது.

முக்தார் குனிந்து கருவியை எடுத்தார். கவிழ்த்தார், குச்சிகளின் கழுத்திலிருந்து மணல் பொலபொலவென்று கொட்டியது. திரையை ஊதினார். சதுரத்தைத் தன் வெள்ளை அங்கியின் கையால் துடைத்து, ஆள்காட்டி விரலை வைத்து மெல்ல இழுத்தார். அம்பு ஓடியது. கீழ்க்கரைக் கோதுமை முழுக்கத் தண்ணீருக்குள் இருந்தது, மற்றபடி ஊர் நின்றது. அந்த வயதான மனிதர் பல் தெரியச் சிரித்து நான் அன்றைக்குத்தான் பார்த்தேன்.

கஹ்தான் கையை நீட்டினார், உடனே பின்னுக்கு இழுத்துக்கொண்டார். இப்போது பத்து விரல்களும் ஒரே கறுப்பு. முக்தார் கருவியைத் தன் நாற்காலிமேல் வைத்தார். வாசலுக்குப் போய்ச் சோப்புத் துண்டை எடுத்துக் கஹ்தான் கையில் கொடுத்தார். பிறகு கூஜாவைத் தூக்கி, அந்த ஒரு விரல்மேல் மட்டும் தண்ணீர் ஊற்றினார்.